கேட் மூடினால் கொதிக்கும் கார்

எங்கள் கார் ஓடிக்கொண்டிருக்கும் வரை தங்கமானது. நின்றால்தான் அதற்குக் கோபம் வரும். ஆனால் விருத்தாசலத்தில் நிற்காமல் கார் ஓட்ட யாராலும் முடியாது. ஜங்ஷன் ஊர். எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு ரயில்வே கேட் குறுக்கே வந்து நிற்கும். கேட் மூடினால் இந்தப் பக்கம் கரும்பு வண்டிகளும் அந்தப் பக்கம் பஸ்ஸும் லாரியும் சேர்ந்துவிடும். திறந்த பிறகு இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே சமயத்தில் தண்டவாளத்தில் ஏறி, நீ பின்னால் போ, நான் முன்னால் வருகிறேன் என்று சண்டை போட்டு முடிப்பதற்குள் அடுத்த ரயிலே வந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கார் ஆவி விடும்.

எதிரே தண்டவாளத்தில் நிற்கும் ரயில் எஞ்சினும் ஆவிதான் விடும். அதற்கு ஊரே வழிவிட்டு நிற்கும். நாங்கள் விட்டால் சிரிக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். பெண்ணாடத்தில் ஒரு முதலாளியிடம் வேலை. கரும்பு அரவை நடக்கும் மாதங்களில் சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய் வரை போவார், மற்ற மாதங்களில் எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போவார். வீட்டுக்கு வருவது விருந்தாளி வருவது போல. வந்ததும் குளிப்பார், தூங்குவார், எழுந்ததும் லாரிப் பையைத் தோளில் மாட்டுவார். ஒரு கித்தான் பை அது. அதில் கைலி, துண்டு, சீப்பு, ஒரு சோப்பு டப்பா. கிணற்றடியில் என் சோப்பு இருக்கும்போதே, தன் பையைத் திறந்து தன் சோப்பை எடுத்துத்தான் குளிப்பார். சொந்த வீட்டில் சத்திரத்தில் தங்குகிற மாதிரி இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் கார் வாங்கலாம் என்று அவர் சொன்னபோது நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கடலூரில் ஒரு டாக்டர் வீட்டில் வெகுநாள் சும்மா நின்ற கறுப்புக் கார். அப்போது எங்கள் பக்கத்தில் காரைப் பிளஷர் என்றுதான் சொல்வார்கள். கையில் இருந்ததையெல்லாம் போட்டு அந்தப் பிளஷரை வாங்கி, வாடகைக்கு விட்டோம். கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் என்று காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார். சூடாகச் சோறு போட்டு, எதிரே உட்கார்ந்து, இவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் நான் காருக்குச் சரி என்றேன்.

ஆனால் அந்தக் கித்தான் பையை மட்டும் அவர் பிரிக்கவில்லை. ஆணியில் அப்படியே தொங்கியது. சோப்பு டப்பாவும் உள்ளேயே இருந்தது. குளிக்கும்போது எடுப்பார், குளித்து முடித்ததும் துடைத்து மறுபடி பைக்குள் வைப்பார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், கேட்கவில்லை.

கார் முதன்முதலில் கொதித்தது ஒரு கோடைக்காலத்தில். ஜங்ஷன் கேட்டில் நின்றபோது சூடு காட்டும் முள் சரசரவென்று ஏறி, பானட்டுக்கு இரண்டு பக்கமும் ஆவி வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள். நானும் அங்கேதான், பொம்மை செய்யும் ஒரு பட்டறையில் அச்சு வார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கள் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் ஈரச் சாக்குதான் வைத்தியம். பிசைந்த மண் காயாமல் இருக்க ஈரச் சாக்கு. குடிதண்ணீர்ப் பானைக்கு ஈரச் சாக்கு. வெயிலில் மயங்கி விழுந்தால் தலைக்கு ஈரச் சாக்கு. அதனால் கார் கொதிக்கிறது என்றதும் நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ரேடியேட்டருக்கு முன்னால ஒரு ஈரச் சாக்கக் கட்டி வுடுங்க. காத்து அது வழியா ஜில்லுனு போவும்."

இவருக்கு அது நியாயமாகப் பட்டது. பீங்கான் மண் வந்த வெறும் சாக்குகளைப் பட்டறையில் எங்களுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். வத்தல் காயப் போட, விறகு மூட என்று நான் கொண்டுவந்து கொல்லையில் போட்டிருந்தேன். அதில் ஒன்றை எடுத்து, பானட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கவிட்டுக் கயிற்றால் கட்டினார். கார் மூக்கின் கம்பிகளுக்குப் பின்னால் அது இருந்ததால் வெளியே தெரியாது.

அதே வாரம், சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டு, மெக்கானிக்கிடமும் காட்டினோம். மங்கலம்பேட்டைக்காரர். கடலூர் ரோட்டில் தகரம் போட்ட ஷெட். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். நிதானமான மனிதர். ஒரு வண்டியைத் தொடுவதற்கு முன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வருவார். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே தண்ணீர் விட்டு அலசினார், தளர்ந்திருந்த ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். பிறகு எஞ்சின் தலையிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். எஞ்சின் சூடானதும் தானாகத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் சின்ன மூடி அது. அதைப் பக்கத்து டீக்கடைக்கு எடுத்துப் போய், கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் காட்டினார். அது திறக்கவே இல்லை.

"பாத்தீங்களா, வாயத் தொறக்க மாட்டேங்குது. பின்ன எப்படித் தண்ணி ஓடும்?" என்றார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அது இல்லாமலே வண்டியை மாட்டிக் கொடுத்தார்.

கொதிப்பு நின்றது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் பாயைப் பாராட்டவில்லை. எல்லோரும் சாக்கைத்தான் பாராட்டினார்கள். இவரும் சாக்குக் கட்டுவதை விடவில்லை. உடம்பு சரியாகிவிட்டது என்று தாயத்தை யாராவது கழற்றுவார்களா?

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. மழை முடிந்து தை பிறந்ததும் மறுபடி ஆரம்பித்தது. முதலில் முள் கொஞ்சம் ஏறும், கேட் திறந்து வண்டி நகர்ந்தால் இறங்கிவிடும். போகப் போக, கேட் மூடி ரயில் வருவதற்கு முன்பே கொதி வந்தது. பெண்ணாடம் ரோட்டில் நல்ல வேகத்தில் போனால் ஒன்றுமில்லை. கடைத்தெருவில் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தால் போதும், முள் மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

பாயிடம் மறுபடியும் போனோம், திரும்பத் திரும்பப் போனோம். போவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் காரைக் கழுவுவோம். டாக்டரிடம் பிள்ளையைக் கூட்டிப் போனால் குளிப்பாட்டி, பவுடர் போட்டுத்தானே கூட்டிப் போவோம்? அதே மாதிரிதான். சாக்கை அவிழ்த்துக் கொல்லையில் போட்டுவிட்டு, பளபளவென்று துடைத்து, சாமி படத்துக்குப் பூ மாற்றிக் கொண்டுபோய் நிறுத்துவார். நானே சொல்லி அனுப்புவேன், அந்த ஊத்தைச் சாக்கோடு போய் நிற்காதீர்கள், பாய் என்ன நினைப்பார் என்று.

பாய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தண்ணீர் பம்ப் சரியாகச் சுற்றியது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. ரப்பர் குழாய்கள் எங்கும் நசுங்கவில்லை. ரேடியேட்டரை மாட்டியபடியே மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், கீழே தடையில்லாமல் கொட்டியது. பிளக்குக்குக் கரண்டு போகிற நேரத்தையும் சரிபார்த்தார். கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு, காரிடமே பேசுகிற மாதிரி சொன்னார்.

"ஓடும்போது காத்து தானா அடிக்குது, கொதிக்கல. நின்னா ஃபேன்தான் காத்த இழுக்கணும், கொதிக்குது. அப்ப காத்துதான் பத்தல. ஃபேன் நல்லாத்தான் சுத்துது. காத்து எங்கதான் போவுது?"

வேறொரு வண்டியிலிருந்து பெரிய இறக்கை வைத்த ஃபேன் ஒன்றை எடுத்து மாட்டிக்கூடப் பார்த்தார். சத்தம்தான் அதிகமானது.

ரேடியேட்டரின் முன்பக்கம் வெள்ளையாக இருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் எதுதான் வெள்ளையாக இல்லை? பேட்டைப் பக்கம் போய் வந்தால் சைக்கிள் வெள்ளை, மாட்டின் கொம்பு வெள்ளை, ஆள் புருவமும் வெள்ளை. மண் லாரி போகிற ரோட்டில் நிற்கிற அவருடைய ஷெட்டும் வெள்ளைதான். அந்த வெள்ளையை யாரும் அழுக்காக நினைத்ததே கிடையாது.

இந்த நேரத்தில்தான் அந்தக் கல்யாணம். மணவாளநல்லூர்க் கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போன கார் கேட்டில் நின்று கொதித்தது. முகூர்த்த நேரம் நெருங்குகிறது, ஆவியில் எதிரே ரோடே தெரியவில்லை. மாப்பிள்ளை இறங்கி, மாலையும் கழுத்துமாக வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேட் கட்டைக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய், யாரோ ஒருவரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார். தாலி கட்டியாகிவிட்டது, நல்ல வேளை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் காருக்கு ஊரில் வேறு பெயரே இல்லை. மாப்பிள்ளையை இறக்கிவிட்ட பிளஷர். கல்யாண வாடகை ஒன்றும் வரவில்லை.

சேதி பெண்ணாடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. லாரி முதலாளியே நேரில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அன்பாகத்தான் பேசினார்.

"இந்த டப்பாவ வச்சிக்கிட்டு ஏம்ப்பா கஷ்டப்படுற? ஒன் லாரி சும்மாத்தான் நிக்குது. வடக்க ஒரு வருசம் ஓட்டம் இருக்குது. அரவை முடியறதுக்குள்ள வந்துரு. வரியா இல்லியான்னு மட்டும் சொல்லு, இல்லன்னா வேற ஆளப் போடணும்."

வடக்கே ஒரு வருஷம். நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"இன்னும் ஒரு தடவ இது கேட்ல கொதிச்சா வந்துர்றேங்க. வண்டிய வித்துட்டு வந்துர்றேன்."

என் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. விழுந்தது என்று எழுதுகிறேன், போட்டேன் என்பதுதான் சரி. அவர்கள் திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் போட்டேன்.

முதலாளி போன பிறகு நான் இவரோடு பேசவில்லை. ஆணியில் தொங்கிய பையைப் பார்க்கப் பார்க்க எனக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. இந்த மனிதருக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. ரோடு கூப்பிடுகிறது. கார் கொதிப்பது இவருக்கு வசதியாகப் போயிற்று, நாமாகப் போகவில்லை, கார் துரத்திவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படி நானே நினைத்து நானே அழுதேன். அதோடு கொல்லையில் போட்ட சாக்குகள் வேறு காணாமல் போய்க்கொண்டிருந்தன. நல்ல சாக்காகப் பார்த்து யாரோ எடுக்கிறார்கள். அடுத்த வீட்டு அக்காதான் என்று முடிவு செய்து, வேலி ஓரம் நின்று ஜாடை மாடையாகக் கேட்கப் போய், அது பெரிய சண்டையாகி, அவளோடும் பேச்சு நின்றது. வீட்டுக்குள்ளும் பேச ஆளில்லை, வெளியிலும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு. காரிலேயே போனோம். நான் முன் சீட்டில், மடியில் வளையல் தட்டு, வாயில் பூட்டு. கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. முள் ஏறத் தொடங்கியது. இவர் அதைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, பானட் ஓரத்தில் மெல்லிசாக ஆவி வந்தது. பக்கத்தில் நின்ற கரும்பு வண்டிக்காரர், "பிளஷரு சோறு வடிக்குதுடோய்" என்றார்.

இன்னும் ஒரு தடவை என்று சொன்ன அந்தத் தடவை வந்துவிட்டது. தட்டை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

இவர் எஞ்சினை நிறுத்தாமல், பானட்டைத் தூக்கி, பின்னாலிருந்து தண்ணீர் டின்னை எடுத்துச் சாக்கின் மேல் ஊற்றினார். சாக்கு புதுசு, கொல்லையில் காணாமல் போன சாக்குகளில் ஒன்று என்பது அந்தக் கோபத்தில் எனக்கு உறைக்கவில்லை. நான் கண்டது வேறு. சாக்கிலிருந்து தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இறங்கியது. ஃபேன் அதை ரேடியேட்டர் பக்கம் உறிஞ்சியது. பின்பக்கம் எஞ்சின் மேல் துளித் துளியாகத் தெறித்தது. தெறித்ததும் சுரீரென்று காய்ந்தது.

காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு விழவில்லை.

மண் கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு எங்கே பட்டாலும் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டு நிற்கும். என் கையில், என் சேலையில், எங்கள் பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முழங்கையிலும் அந்தப் பொட்டு உண்டு. இங்கே முன்னால் வெள்ளையாகப் போகிற தண்ணீர் பின்னால் வெறும் தண்ணீராக வருகிறது. அப்படியானால் மண் நடுவில் எங்கேயோ நிற்கிறது. அச்சு வார்க்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாஸ்டர் அச்சுக்குள் கரைத்த மண்ணை ஊற்றினால், அச்சு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மண் சுவரில் படிந்து நிற்கும். பொம்மை அப்படித்தான் உண்டாகிறது. ரேடியேட்டரிலோ சூடு தண்ணீரை இழுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை நாளாக நாங்கள் ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவில் பொம்மை வார்த்துக்கொண்டிருந்தோம்.

பேசாமல் இருந்த வாயைத் திறந்தேன்.

"ஊத்தாதீங்க! நிறுத்துங்க! சாக்க அவுத்துக் கையில வச்சிக்கிட்டு வண்டியத் திருப்புங்க. பாய் ஷெட்டுக்குப் போவணும்."

"வளகாப்பு?"

"வளையல் எங்கியும் ஓடிப் போயிடாது."

"இந்தச் சாக்கோடவா பாய் முன்னால போயி நிக்கறது?"

"ஆமா, சாக்கோடதான்."

ஆற வைத்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டி, ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பாய் சாக்கைப் பார்த்தார். கையில் வாங்கி உதறினார். அவர் கைலி வெள்ளையானது.

"இது எங்க இருந்துச்சி?"

"ரேடியேட்டருக்கு முன்னாலதான் பாய். கட்டி வச்சிருந்தோம்."

"எத்தினி நாளா?"

"மொதல்ல கொதிச்சதுலேர்ந்து."

"நான் பாக்கவே இல்லியே?"

"இங்க வரும்போது அவுத்துட்டுத்தான் வருவோம். அழுக்கா இருக்குதேன்னு."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, வைத்தியங்கிட்டப் போறப்ப நோவ வூட்டுல அவுத்து வச்சிட்டா போவாங்க?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முதல் கொதிப்பை அவர் அன்றே சரிசெய்துவிட்டார். பிறகு வந்ததெல்லாம் எங்கள் வைத்தியம் கொண்டுவந்த நோய்.

ரேடியேட்டரைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தார். மேல் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. மற்ற இடமெல்லாம் சுவர் மாதிரி அடைத்திருந்தது. முன்பக்கத்தில் சாக்கின் பின்னல் அச்சுக்கூட அப்படியே பதிந்திருந்தது. பாய் ஒரு கம்பியை எடுத்துக் குத்தப் போனார். நான் கையைப் பிடிக்காத குறைதான்.

"குத்தாதீங்க பாய். தகடு கிழிஞ்சிரும். இது சூளையில வெந்த மண்ணு இல்ல, காஞ்ச மண்ணுதான். தண்ணியில கரைஞ்சிரும்."

"தண்ணி ஊத்தி ஊத்தித்தானம்மா இந்தக் கதிக்கு வந்துச்சி?"

"ஈரமா இருக்கறப்ப ஊத்துனா கரையாது. எலும்பாட்டம் காய வுடணும். நல்லாக் காஞ்ச மண்ணத் தண்ணியில போட்டா ஒடனே வுட்டுரும். நாங்க ஒடஞ்ச, வேகாத பச்ச பொம்மைய அப்படித்தான் திருப்பிக் கரைக்கறது."

அவர் யோசித்தார். பிறகு ரேடியேட்டரைத் தகரக் கூரை மேல் படுக்க வைத்தார். நாங்கள் ஷெட் நிழலில் காத்திருந்தோம். வளைகாப்புக்குக் கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்து நாங்களே சாப்பிட்டோம், பாய்க்கும் கொடுத்தேன். உச்சி வெயில் முழுவதும் அது கூரையில் காய்ந்தது. தொட்டுப் பார்த்தேன். மண் சில்லென்று இல்லாமல் கையோடு சூடாக இருந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். காய்ந்திருந்தது.

டயரில் ஓட்டை பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் முன்பக்கம் கீழே இருக்கும்படி இறக்கினார். குபுகுபுவென்று நுரை கிளம்பியது. தொட்டி பாலாக மாறியது. தூக்கியபோது மண் கட்டி கட்டியாகச் சரிந்து விழுந்தது. பிறகு எஞ்சின் பக்கம் இருந்த முகத்திலிருந்து பைப்பில் தண்ணீர் அடித்தார், வந்த வழியே மண் வெளியே போவதற்கு. மீண்டும் காய வைத்து, மீண்டும் முக்கி, பழைய பெயிண்ட் பிரஷால் தகடுகளைத் தடவிவிட்டார். கடைசியாக வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தபோது மாவுச் சல்லடை வழியாகப் பார்ப்பது போல அந்தப் பக்கத்து ரோடு தெரிந்தது, போகிற சைக்கிள் தெரிந்தது. "காத்து எங்க போச்சின்னு இப்பத்தான் தெரியுது" என்றார் பாய்.

தொட்டியின் அடியில் படிந்த மண்ணை நான் கையால் அள்ளிப் பார்த்தேன். எனக்கு ஒன்று இடித்தது. கேட்டில் கொதித்தபோது மட்டும் ஊற்றியிருந்தால் இவ்வளவு மண் சேராது. இரண்டு மூன்று பொம்மை வார்க்கலாம், அவ்வளவு இருந்தது. நிமிர்ந்து இவரைப் பார்த்தேன். ஏற்கனவே இறுக்கிய ஒரு போல்ட்டை இவர் மும்முரமாக மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தார்.

மாட்டி முடித்து, தண்ணீர் நிரப்பி, பழைய ஃபேனையே போட்டு, பாய் பானட்டை மூடினார். "நேரா கேட்டுக்குப் போங்க" என்றார்.

கேட் எங்களை ஏமாற்றவில்லை. நாங்கள் போனபோது மூடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரம், வெயில் நேராக முகத்தில் அடித்தது. பாசஞ்சர் ஒன்று போனது. கேட் திறக்கவில்லை. ஒரு எஞ்சின் மட்டும் தனியாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. பின்னால் லாரிகள் சேர்ந்துவிட்டன. இவர் எஞ்சினை அணைக்கவில்லை. முள் பாதிக்கு வந்தது. நான் கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முள் பாதியிலேயே நின்றது. தனி எஞ்சின் திரும்ப வந்தது, முள் அங்கேயே நின்றது.

இவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு அந்த முள்ளையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. லாரிக்காரர் அழுது நான் பார்த்ததில்லை.

"கேக்கறேன், சொல்லுங்க," என்றேன். "கேட்ல மட்டும் ஊத்துனா அவ்ளோ மண்ணு சேராது. வேற எப்ப ஊத்துனீங்க?"

முள்ளைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெனம் காலையில, நீ எழுந்திருக்கறதுக்கு முன்ன. வண்டி எடுக்கறதுக்கு முன்னாலயே நல்லா ஊற ஊற ஊத்திருவேன். போற எடத்துல எல்லாம் ஊத்துவேன். சாக்கு நைஞ்சி போனா புதுசு மாத்துவேன்."

"எதுக்கு?"

"கொதிச்சிட்டா திரும்ப லாரிக்குப் போவணுமே. அதான், கொதிக்கவே கூடாதுன்னு."

போக ஆசைப்படுகிறார் என்று நான் நினைத்த மனிதர், போகக் கூடாது என்று விடியலில் எழுந்து வாளி வாளியாக ஊற்றியிருக்கிறார். ஊற்ற ஊற்றத்தான் கொதித்திருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து இன்னும் ஊற்றியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"அப்ப முதலாளிகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கொதிக்காதுன்னு நெனச்சித்தான் சொன்னேன். அன்னிக்குக் காலையிலதான் புதுச் சாக்கு கட்டியிருந்தேன்."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, வாயில் வந்ததைக் கேட்டேன். "கொல்லையில என் சாக்கெல்லாம்?"

"நான்தான்."

"அதுக்கு அடுத்த வூட்டு அக்காகிட்ட நான் போட்ட சண்ட?"

"கேட்டுது. வெளிய வரப் பயமா இருந்துச்சி."

கேட் திறந்தது. இரண்டு பக்கமும் வழக்கம்போல ஒரே நேரத்தில் தண்டவாளத்தில் ஏறினார்கள், வழக்கம்போலச் சண்டை பிடித்தார்கள். எங்களுக்கு அவசரமில்லை. நாங்கள் நின்றோம், கார் பேசாமல் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் நான் மிச்சமிருந்த சாக்குகளைச் சுருட்டி, வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "இப்பவாவது கண்ணு தொறந்துச்சே" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வந்தபோது இவர் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் வெள்ளை மண். ஆணியிலிருந்து பையை எடுத்தார். எப்போதும் போலச் சோப்பை எடுத்துக்கொண்டு பையை மாட்டிவிடுவார் என்று பார்த்தேன். மாட்டவில்லை. கட்டிலின் மேல் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினார். கைலியையும் துண்டையும் கொடியில் போட்டார். சீப்பைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். டப்பாவைத் திறந்து சோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

குளித்துவிட்டு வந்த பிறகு போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல், என் சோப்புக்குப் பக்கத்தில், ஈரத்தோடு வைத்துவிட்டு வந்திருந்தார்.